முதுகுக்குப் பின்னால் ஒரு கை

பின்னால் ஒரு கை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இந்நேரம் குப்புறக் கவிழ்ந்து ஏதாவது பாறையில் மூக்கை உடைத்துக்கொண்டிருப்போம் என்று தெய்வநாயகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்ல வழியில்லை, வாயில் ரப்பர்க் கடிவாளம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். மூச்சை இழுத்தால் யாரோ பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற சத்தம், விட்டால் காதோரம் குமிழிகள் கொதித்துக்கொண்டு மேலே ஓடின. இழு, விடு, இழு, விடு. ஐம்பத்தேழு வருஷமாக யாரும் சொல்லித்தராமல் செய்துவந்த வேலையை இப்போது யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. படகின் நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஆழத்தில், கொடியில் போட்ட வேட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். கீழே பார்த்துக்கிட்டே இருங்க சார், திரும்பாதீங்க, நான் பின்னாலதான் இருப்பேன், சிலிண்டரோட கழுத்தை விட மாட்டேன் என்று அந்தப் பையன் படகில் வைத்துச் சொல்லியிருந்தான். கேட்காமலே வாக்குக் கொடுப்பவர்களைத் தெய்வநாயகம் என்றைக்கும் நம்பியதில்லை. கடைக்குள் நுழையும்போதே சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்பவர்களை அவர் கூடுதலாக ஒரு பார்வை பார்ப்பார்.

திருச்சி பெரிய கடை வீதியில் மூன்று மாடி நகைக்கடை ஒன்றில் அவர் சூப்பர்வைசர். விற்பது அவர் வேலையில்லை, பார்ப்பதுதான் வேலை. முகத்தைப் பார்ப்பவன் ஏமாறுவான், கையைப் பார் என்பது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம். முகம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வரும், கை வராது. காட்டிய தட்டு திரும்பாமல் அடுத்த தட்டை வெளியே எடுக்காதே. குழந்தையை இடுக்கிக்கொண்டு வருகிறவளின் இன்னொரு கை எங்கே என்று பார். எல்லாவற்றுக்கும் மேலே, நடுங்குகிற கையை விடாதே. கைதேர்ந்த திருடனுக்குக் கை நடுங்காது என்பதெல்லாம் சினிமாவில், மறைக்கிற கை நடுங்கியே தீரும். ஒரு தடவை ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, பார்த்தால் கோயில் தர்மகர்த்தா, மூக்குத்தித் தட்டின் மேல் அவர் விரல் லேசாக ஆடியது. தெய்வநாயகம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் மூக்குத்தி அவருடைய கன்னத்துக்குள் வெற்றிலையோடு வெற்றிலையாக இருந்தது. இன்னொரு தடவை ஒரு தகப்பன், கல்யாணம் நிச்சயமான மகளுக்கு வளையல் போட்டுப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை அப்படி நடுங்கியது. பில் போடும் இடம் வரை, வாசல் வரை, தெருமுனையில் அவர்கள் ஆட்டோ ஏறும் வரை தெய்வநாயகம் பின்னாலேயே போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா? இப்படி வாழ்நாளெல்லாம் ஊரார் முதுகுக்குப் பின்னால் நின்ற மனிதரின் முதுகுக்குப் பின்னால் இன்றைக்கு ஒருவன் மிதந்துகொண்டிருக்கிறான், அவன் கை என்ன செய்கிறது என்று அவரால் பார்க்க முடியவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், இங்கே ஆழம் தெரிந்தே ஆளையே விட்டாயிற்று. எல்லாம் அமுதவல்லியால். ஒரே மகள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு, மீனைப் பார்க்க மீன் இருக்கிற இடத்துக்குத்தானேப்பா போகணும் என்று அந்தமான் பக்கம் இந்தத் துண்டுத் தீவுக்கு வேலைக்கு வந்தவள். வருகிறவர்களுக்குக் கடலுக்குள் மூழ்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவருடைய அம்மாவின் பெயரை ஆசையாக வைத்தார், இங்கே எல்லோருக்கும் அவள் அமு. பெயரை நறுக்கிக்கொண்டவர்கள் வேறெதையோ சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர் நினைத்தது சரியாகப் போயிற்று, போன மாதம் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், கூட வேலை பார்க்கிற யோகராஜ் என்பவரைக் கட்டிக்கப்போகிறேன் என்று. அவர் மனைவி மரகதத்துக்கு முழங்கால் வலி, விமானம் கப்பல் எல்லாம் ஆகாது. நீங்க போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க, உங்க கண்ணுக்குத் தப்பாது என்று அனுப்பிவைத்தாள். தப்பாதுதான். ஆனால் இந்தத் தீவில் பார்க்கவே ஒன்றும் அகப்படவில்லை. தங்கும் அறைக்குப் பூட்டு இல்லை, கேட்டால் சிரிக்கிறார்கள். ராத்திரி வாசலில் விட்ட செருப்பு காலையில் அதே இடத்தில் அதே திசையைப் பார்த்துக் கிடந்தது. தென்னை மரம், வெள்ளை மணல், இரண்டு நாய், அவ்வளவு அமைதி. சத்தமில்லாத நேரத்தில்தான் கடையில் சரக்குக் காணாமல் போகும். முதல் நாள் முழுக்க அவர் பர்ஸை இடுப்பிலேயே செருகிக்கொண்டு நடந்தார்.

பையனிடம், அந்த யோகராஜிடம், சொந்த ஊர் கேட்டார். இந்தத் தீவுகள்தான் சார் என்றான். அப்பாவுக்கு? தெற்கே ரப்பர்த் தோட்டம் உள்ள ஒரு தீவு. அதற்கு முன்னால்? இலங்கையில் தேயிலைத் தோட்டமாம், அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒப்பந்தப்படி கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அதற்கும் முன்னால்? தமிழ்நாட்டில் எங்கேயோ இருந்து போனதாகச் சொல்வார்களாம். எங்கேயோ என்றால் எங்கே? "தெரியலை சார். சொல்லத் தெரிஞ்சவங்க யாரும் இப்ப இல்லை" என்றான், வெட்கப்படாமல். ஊர் தெரியாதென்றால் மற்றதும் தெரியாது. மற்றதை இந்தக் காலத்தில் யாரும் நேராகக் கேட்பதில்லை, குலதெய்வத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள், தெய்வநாயகமும் போனார். அம்மா மாரியம்மனைக் கும்பிடுவாங்க சார் என்றான். மாரியம்மனை யார்தான் கும்பிடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனிடம் பிடி கிடைக்கவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசினான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான், அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. இன்று காலை கரையில் டீ குடிக்கும்போது அமுதவல்லிதான் இந்த வழியைச் சொன்னாள். "நான் அவரைப் பத்தி ஆயிரம் சொல்லலாம்ப்பா, நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு தடவ அவர் கையில இறங்குங்க. மேல வந்து வேணாம்னு சொன்னீங்கன்னா நான் இந்தப் பேச்சை மறுபடி எடுக்க மாட்டேன்." பேச்சை எடுக்க மாட்டேன் என்றாளே தவிர ஆளை விட்டுவிடுவேன் என்று சொல்லவில்லை, அதையும் அவர் கவனித்தார். ஆனால் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, அவளுக்கு அது அப்படியே முடிந்தது, அது அவருக்குத் தெரியும். நீயே கூட்டிட்டுப் போயேன் என்று கேட்டதற்கு அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். சொந்தக்காரங்களைச் சொந்தக்காரங்க இறக்குறது எங்க வழக்கத்துல இல்லப்பா, நிதானம் போயிடும். அவள் படகிலேயே இருப்பாளாம். இருக்கிறவள் முதுகில் சிலிண்டர் எதற்கு, காலில் துடுப்பு எதற்கு என்று கேட்டார். ஒருத்தர் எப்பவும் மாட்டிக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருக்கணும், அது ரூல் என்றாள்.

என்ன இது, ஏன் இன்னும் இறங்கவில்லை? கயிற்றிலேயே எவ்வளவு நேரம் தொங்குவது? வலிக்கிற காதுக்கு மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லியிருந்தான், அவர் ஊதினார், இரண்டு காதும் பொட்டென்று திறந்துகொண்டன, வீட்டுப் பிரஷர் குக்கர் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. இவர் தயார். பின்னால்தான் ஏதோ நடக்கிறது. சிலிண்டரில் ஒரு இழுப்பு, ஒரு தளர்வு. தலைக்கு மேலே தொம் என்று ஒரு சத்தம், ஏதோ தண்ணீரில் விழுந்த மாதிரி. குமிழிகளின் சத்தம் கூடியது, குறைந்தது. பிடி ஒரு கணம் இல்லவே இல்லை, இல்லவே இல்லை என்று அவர் அடித்துச் சொல்வார். பிறகு பிடி திரும்ப வந்தது. ஆனால் முன்பு பிடித்த பிடி இல்லை, கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் இறுக்கமாக. கை மாற்றியிருக்கிறான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவன் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினால் வலது கைக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவன் கதை கேட்டிருக்கிறார், அந்த ஆளாவது குதிரையைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கினான். திரும்பாதே என்றார்கள். ஏன் திரும்பக் கூடாது? திரும்பினால் குழாய் சுற்றிக்கொள்ளுமாம். சுற்றிக்கொள்ளாத மாதிரிக் குழாய் செய்யத் தெரியாதவர்களா இவர்கள். முகமூடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கை நீண்டு வந்தது, ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து ஒரு வளையம், நலமா என்று கேட்கிறது. அவரும் வளையம் காட்டினார். வேறென்ன செய்வது. கயிற்றை விட்டார், விடவைத்தார்கள், உலகம் மெதுவாக மேலே போகத் தொடங்கியது.

கையுறை. அதுதான் அவருக்கு ஆத்திரம். படகிலேயே எல்லோரும் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டார்கள், பாறை கிழிக்குமாம். ஒருத்தன் கையைப் படிக்கவென்று கடலைத் தாண்டி வந்தால் அவன் கைக்கு உறை போட்டுக்கொண்டு வருகிறான். அதுவும் அந்தக் கை, வளையம் காட்டிய கை, படகில் பார்த்ததைவிடச் சின்னதாக இல்லை? தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும் என்று அவன்தான் பாடம் நடத்தினான், இவன் கை மட்டும் சுருங்கிவிட்டது. இவர்கள் சொல்வதில் எதை நம்புவது? கீழே வெள்ளை மணல் வந்தது, அதன் மேல் ஒரு நிழல். தலை, தோள், முதுகில் புடைத்துக்கொண்டிருக்கும் சிலிண்டர், அது அவர். அந்த நிழலின் மேலேயே இன்னொரு நிழல் படிந்திருந்தது, இரண்டு துடுப்புக் கால்கள் மட்டும் பிரிந்து தெரிந்தன. சரி, ஆள் இருக்கிறான். நிழலைப் பார்த்தாவது நிம்மதி என்று மூச்சை நிதானமாக விட்டார். உடனே அடுத்தது தோன்றியது, நிழல் இருந்தால் கால் இருக்கிறது, கால் இருந்தால் கை சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது? முதுகுக்குப் பின்னால் ஒருவரைச் சந்தேகப்படாமல் உட்காரவைத்தது என்று பார்த்தால் ஒரே ஒருத்தியைத்தான். டிவிஎஸ் வண்டி, ஸ்ரீரங்கம் பாலம், பள்ளிக்கூடப் பை நடுவில், அவள் பின்னால். ஹெல்மெட் போட்டால் அவருக்குக் காது கேட்காது, அதனால் அவளே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். வலது தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். வேகத்தடை வந்தால் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள், மரகதம் இஸ்திரி போடும்போது தினமும் அந்த இடத்தைப் பார்த்துத் திட்டுவாள். காவிரிக் காற்று, பாலத்தில் மீன் விற்கிறவர்களின் வாசம். அந்தப் பாலத்தில் அவர் ஒரு நாளும் கண்ணாடியில் பின்னால் பார்த்ததில்லை.

இழு, விடு. பவளப் பாறைகள் வந்துவிட்டன. பாறை என்கிறார்கள், உயிராம், அமுதவல்லி சொன்னாள். இங்கே எதுவும் தன்னைத் தானாகக் காட்டிக்கொள்வதில்லை. பூ மாதிரி ஆடுவது பூ இல்லை, தொட்டால் கொட்டும். அதற்குள் ஒரு ஆரஞ்சு மீன் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்த்தது. கல் என்று நினைத்தது கண்ணைத் திறந்தது. கறுப்புக் கை நீண்டு ஒரு பொந்தைக் காட்டியது, பொந்தில் ஒன்றும் இல்லை, கை மறுபடியும் அங்கேயே காட்டியது, அப்போதுதான் பொந்தின் ஓரத்துப் பாறையே நிறம் மாறிச் சுருங்கி உள்ளே வழிந்து போயிற்று. பேய்க்கணவாய். எட்டுக் கை. தெய்வநாயகம் ஒரு நிமிஷம் தன் கடையில் அதை நிறுத்திவைத்துப் பார்த்தார், உடம்பு வேர்த்த மாதிரி இருந்தது, தண்ணீருக்குள் வேர்க்குமா தெரியவில்லை. நறநறவென்று ஒரு சத்தம், எலி பெட்டியைக் கடிப்பது மாதிரி, பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அது ஒன்றுதான் இங்கே ஒளிவுமறைவில்லாத ஜீவன், அதை அவருக்குப் பிடித்துவிட்டது. அழகாக இல்லையா என்று கேட்டால் அழகுதான், இல்லையென்று யார் சொன்னது, வைரத் தட்டும்தான் அழகு. அழகான பொருள் இருக்கிற இடத்தில் ஆள் இன்னும் கவனமாக நிற்க வேண்டும்.

கை அவரை ஒரு பெரிய குடைப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது, மணலுக்கு ஒரு முழம் மேலே, அசையாமல். ஒரு களவா மீன், தொடை கனத்துக்கு, வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் வாய்க்குள்ளே விரல் நீளத்தில் ஒரு நீலக் கோடு போட்ட குட்டி மீன் போய்ப் பல்லிடுக்கில் கொத்திக்கொண்டிருந்தது. நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் அமுதவல்லி கையை ஆட்டி ஆட்டி இதைத்தான் சொன்னாள். சுத்தம் செய்கிற மீனாம், பெரிய மீன்கள் வரிசையில் நின்று வாயைத் திறக்குமாம், முழுங்காதாம். அவர் முழுங்காது என்பதில் வியக்கவில்லை, அதுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, இதே நிறம் இதே கோடு போட்டுக்கொண்டு ஒரு போலி மீனும் இருக்கிறது, சுத்தம் செய்கிற மாதிரி வந்து சதையைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும் என்றாள். அந்தத் தீவுக்கு வந்து அவர் கேட்டதிலேயே மனசுக்கு ஒத்த செய்தி அதுதான், இரண்டாவது தோசையை நிம்மதியாகச் சாப்பிட்டார். எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்டதற்கு, "கடிபட்டுக் கடிபட்டு வயசான மீனுக்குத் தெரிஞ்சிடும்ப்பா. ஆனா பாவம், அது சில சமயம் நல்ல மீனையும் விரட்டிடும்" என்றாள். அப்போது அவள் தன்னைப் பார்த்தாளா, தோசையைப் பார்த்தாளா? இந்தக் குட்டி மீன் எந்த வகை? இந்தக் களவா எப்படி இப்படி ஆவென்று நிற்கிறது, பார்க்கவே கூச்சமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது, கன்னம் அசைந்தது, முகமூடியின் ஓரம் பிரிந்து, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

மூக்கில் தண்ணீர். உப்பு. கண் எரிகிறது, களவா கலங்கிவிட்டது, எல்லாம் கலங்கிவிட்டது, மூச்சு எங்கே, மூக்கால் இழுக்காதே என்று சொன்னானே, மூக்கு தானாக இழுக்கிறது. மரகதம், மூக்குத்தி, வெற்றிலை, பாலம். இவன் இதற்காகத்தான் காத்திருந்தான், இதற்காகத்தான் கை மாற்றினான், வயசானவர், பதறிட்டார், நாங்க என்ன செய்யறது என்று மேலே போய்ச் சொல்வான், யார் பார்த்தார்கள். கையை வீசினார், எதையோ பிடித்தார், விட்டார். அப்போது நெற்றியில் ஒரு உள்ளங்கை வந்து முகமூடியின் மேல் விளிம்பை அழுத்தியது. இன்னொரு கை தாடையைத் தூக்கிவிட்டது. படகில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது, மேலே அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதணும். ஊதினார். ஊதினார். தண்ணீர் கீழ் வழியாக இறங்கிப் போயிற்று, மணல் தெரிந்தது, நிழல் தெரிந்தது, களவா இன்னும் வாயை மூடவில்லை. உயிர் வந்தது என்பார்களே, அது தொப்புளிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த உள்ளங்கை நெற்றியிலேயே இருந்தது. நடுங்கியது. உறைக்கு உள்ளே, விரலுக்கு விரல், நன்றாக, சந்தேகமே இல்லாமல் நடுங்கியது. பிறகு கை எடுபட்டது, பின்னால் போயிற்று, சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தது, அந்தப் பிடி வழியாகவும் நடுக்கம் அவர் முதுகெலும்புக்கு இறங்கியது. வலது தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. போகலாம்.

போகலாமா? யார் சொல்லிக்கொடுத்தது இவனுக்கு? வலது தோள், இரண்டு தட்டு, அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், மரகதத்துக்குக்கூடத் தெரியாது. அமுதவல்லி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்பாவை இப்படித் தட்டுங்க, அப்பா உருகிடுவார். நம் பாலத்தை, நம் வண்டியை, நம் ஹெல்மெட்டை எடுத்து ஊர் பேர் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துவிட்டாள், அவன் அதைக் கவரிங் நகை மாதிரி அப்பனிடமே கொண்டுவந்து நீட்டுகிறான். தண்ணீர் புகுந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. வலித்தது, நெஞ்சு வலித்தது, அழலாமென்றால் முகமூடிக்குள் அழுதால் மறுபடியும் ஊத வேண்டும். சரி, போதும். பார்த்தாயிற்று. கை நடுங்குகிறது, ஆகவே எதையோ மறைக்கிறது. தட்டு இரவல், ஆகவே நடிக்கிறது. நடுவில் ஒரு கணம் பிடியை விட்டது, விட மாட்டேன் என்று சொன்ன கை. மூன்று சாட்சி, முதலாளி கேட்டால்கூட இதற்கு மேல் கேட்க மாட்டார். கறுப்புக் கை முன்னால் வந்து கட்டைவிரலை மேலே காட்டியது, மேலே போகலாமாம். அவரும் காட்டினார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். வேண்டாம்மா. நல்ல பையனாக இருக்கலாம், நான் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் கை சரியில்லை. இவ்வளவுதான், நீட்டி முழக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அவள் முகம் எப்படி ஆகும் என்று ஒரு தடவை தெரிந்தது, உடனே கிளிமீனைத் தேடினார், அது எங்கேயோ போய்விட்டது. மேலே வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது, படகின் அடிவயிறு தெரிந்தது, கயிறு தெரிந்தது, கை விடாமல் பிடித்திருந்தது, இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

தலை வெளியே வந்தது. வெயில், டீசல் வாசம், சாதாரணக் காற்று. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். படகின் விளிம்பில் ஒருவன் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், துண்டில் ரத்தம். இவரைக் கண்டதும் எழுந்து நின்றான். யோகராஜ். தெய்வநாயகம் அவனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். யோகராஜ் படகில் இருக்கிறான் என்றால், முதுகுக்குப் பின்னால் சிலிண்டரின் கழுத்தை இப்போதும் பிடித்திருப்பது யார்? இத்தனை நேரம் திரும்பாதே என்று சொல்லப்பட்ட கழுத்தைத் திருப்பினார். அமுதவல்லி முகமூடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது, கன்னத்தில் ரப்பர் பதிந்த கோடு, சின்ன வயசில் காய்ச்சலில் எழுந்து உட்காரும்போது இருக்கிற முகம். "கோவிச்சுக்காதீங்கப்பா" என்றாள்.

படகில் ஏறிய பிறகுதான் முழுதும் சொன்னாள். கயிற்றிலேயே யோகராஜுக்கு ஒரு காது அடைத்துக்கொண்டதாம், நேற்றிலிருந்து லேசாகச் சளி இருந்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. மேலே பார்த்துக் கையைக் காட்டினான், அவள் குதித்தாள், கை மாற்றிக்கொண்டார்கள். இறங்குகிற ஆளிடம் நடுவில் சொல்வதில்லை, சொன்னால் மிரண்டுபோவார். பாதியில் மேலே கொண்டுவந்தால் அப்பா மறுபடி இறங்கவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது, வழக்கத்தை மீறிவிட்டாள். தெய்வநாயகம் யோகராஜைப் பார்த்தார். கொஞ்சம் சமாளிச்சுக்கிட்டு வந்திருக்கலாமே, இன்னிக்குன்னு பார்த்து ஏன் விட்டே என்று கேட்டார். கடையில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். அவன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தான். "தனியா இருந்தா சமாளிச்சிருப்பேன் சார். உங்களைப் பிடிச்சிருந்தேன். முடியலைன்னா முடியலைன்னு கையைத் தூக்கிடணும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், அதற்கு மேல் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கவும் இல்லை. ஒருவன் தன் கல்யாணம் முடிவாகிற நேரத்தில், பெண்ணின் அப்பன் வைத்த பரீட்சையில், என்னால் முடியவில்லை என்று கையைத் தூக்கியிருக்கிறான். அதுவும் அந்த அப்பனுக்குத் தெரியாமல், அப்பன் முதுகுக்குப் பின்னால். இப்படி ஒரு கையைத் தெய்வநாயகம் கடையில் பார்த்ததில்லை, அங்கே யாரும் அப்படித் தூக்கியதில்லை.

அமுதவல்லி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இன்னும் நடுங்கின. "உன் கை ஏம்மா இப்படி ஆடுது?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்தும் கேட்டார். "பயம்ப்பா" என்றாள் அவள், "நீங்க மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் நானும் விடல." வளையல் போட்டுப் பார்த்த அந்தத் தகப்பன் மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாரே, ஏறும்போது கடையைத் திரும்பிப் பார்த்தாரே, அந்த முகம் இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு தெய்வநாயகத்தின் முன்னால் வந்து நின்றது. அடுக்கிவைத்திருந்த வாக்கியம் நாக்கிலேயே இருந்தது, அதை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், பதில் வரும் வரை நிமிர மாட்டாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவன் தள்ளி நின்றான்.

"காது எப்ப சரியாகும்?" என்று தெய்வநாயகம் யோகராஜிடம் கேட்டார். ரெண்டு மூணு நாள் ஆகும் சார் என்றான். டிக்கெட்டை மாத்திக்கிறேன், சரியானதும் சொல்லு, மறுபடி என்னைக் கீழே நீ கூட்டிட்டுப் போ என்றார். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், மகளின் முகத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. படகுக்காரர் நங்கூரத்தை இழுத்து எஞ்சினை முடுக்கினார். தீவு அதே அமைதியோடு கிட்டே வரத் தொடங்கியது. முதல் பெரிய அலையில் படகு தூக்கிப் போட்டபோது பின்னாலிருந்து ஒரு கை அவருடைய ஈரச் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்தது. யாருடைய கை என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.